கரைப்பாதையில் வண்டி வராது

சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலரும் டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது தப்பு. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் கல்லைப் பிடித்துக்கொண்டு போகும். இல்லையென்றால் துள்ளும், துள்ளுகிற சக்கரம் வழுக்கும். என் கூட்டத்தில் யார் புதிதாக வந்தாலும் முதலில் நான் செய்வது இதுதான், மேடம். முட்டி போட்டு உட்கார்ந்து காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவேன். ஆறு வருடத்தில் அந்தப் பாதையில் ஒருவர்கூட விழுந்து எலும்பை முறித்துக்கொண்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் குல்வென். வயது அறுபத்து நான்கு. இதே ஜோஸ்லானில் முப்பத்தொரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஊரில் பாதிப்பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஸ்டேஷன் வாசலில் என் பெயரை எழுதிக்கொண்டாரே உங்கள் சார்ஜென்ட், அவரும் என்னிடம் படித்தவர். நல்ல மனிதர். பின்பக்கமாக எடுத்து நிறுத்துவது மட்டும் கடைசிவரை வரவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு சின்னச் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்த காரின் பக்கக் கண்ணாடி என் முதுகில் தட்டியது. தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்பும் போயின. கார் நிற்கவில்லை. எலும்பு கூடிவிட்டது. ஆனால் பின்னாலிருந்து எஞ்சின் சத்தம் வந்தால் என் முதுகுத்தோல் தானாகச் சுருங்கிக்கொள்ளும். அதை நிறுத்த எந்த மருத்துவராலும் முடியவில்லை. பாடம் நடத்துவதையும் விட்டேன். என் மனைவி கத்தெல் இன்னும் ஒன்றரை வருடம் என்னோடு இருந்தாள். அப்புறம் லோரியானில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குக் காரணம் வேறு. "நீ வெளிய போகாதது சரி குல்வென், என்னையும் ஏன் விட மாட்டேங்கிற?" என்று கேட்டாள். அவள் கார் சாவியை நான் எடுத்து வைத்தது உண்மைதான். மழைக்காலம் அது, சாலையெல்லாம் ஈரம்.

அதன் பிறகுதான் கால்வாய்க்கரை. உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கே ஓட வருகிறீர்கள், பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரை. இப்போது சரளை கொட்டிச் சமப்படுத்தி, இரண்டு முனையிலும் கம்பம் நட்டுவிட்டார்கள். கார் நுழையாது, மோட்டார் சைக்கிள் நுழையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஓக் மரங்கள். சக்கரத்துக்கு அடியில் சரளை நறநறக்கிற சத்தம் மட்டும்தான். விபத்துக்குப் பிறகு முதன்முதலாக நான் ஆழமாக மூச்சு விட்டது அங்கேதான்.

மார்த்தை அங்கேதான் சந்தித்தேன். படகு ஏற்றி இறக்கும் மதகு ஒன்றின் பக்கத்தில், சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது. அந்த இடத்தில் கரைப்பாதை ஒரு சாலையைக் குறுக்கே கடக்கிறது. மூன்று மீட்டர் அகலம் இருக்கும், அவ்வளவுதான். அதைக் கடக்க முடியாமல் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் கணவனைப் பால் லாரி ஒன்று அடித்துப்போட்டு மூன்று வருடமாகியிருந்தது. நான் சாலை நடுவில் போய் நின்று கையைத் தூக்கினேன். வண்டி எதுவும் வரவில்லை. ஆனாலும் நின்றேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கத்தெல் ஒரு நாளும் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

இப்படித்தான் கூட்டம் சேர்ந்தது. சாலையில் அடிபட்டவர்கள், அடிபட்டவரைப் பறிகொடுத்தவர்கள், ஒன்றும் நடக்காமலேயே பயந்தவர்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்குக் கூடுவோம். பன்றிக்கறிக் கடை வைத்திருந்த எர்வேதான் எங்களுக்கு நீர்க்கோழிகள் என்று பேர் வைத்தார். "கரையை விட்டு நகராது. சத்தம் கேட்டா நாணலுக்குள்ள பூந்துக்கும். நம்ம ஜாதிதான்" என்பார். நூற்றுப்பத்து கிலோ உடம்பு. சாலை கடக்கும்போது அவரும் என் சட்டைக் கையைத்தான் பிடிப்பார்.

பழைய மதகுக்காரர் வீட்டில் இப்போது ஒரு சிற்றுண்டிக் கடை இருக்கிறது. பந்தய சைக்கிள்காரர்கள் அங்கே எங்களைப் பார்த்தால், "வழி விடுங்கப்பா, வாத்துங்க வந்துருச்சு" என்று கேலி செய்வார்கள். எங்களுக்குக் கோபம் வராது. முட்டை வைத்து மடித்த கலெத் அடை சாப்பிடுவோம், ஆப்பிள் சைடர் குடிப்போம், வந்த வழியே திரும்புவோம். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம், மேடம்.

இரண்டாம் வருடம் வசந்தத்தில் மார்த், கணவன் கல்லறைக்குத் தானே சைக்கிளில் போய்வரப் போவதாகச் சொன்னாள். சாலை வழியாக ஆறு கிலோமீட்டர். "உங்களாலதான் குல்வென் எனக்கு இந்தத் தைரியமே வந்துச்சு" என்றாள். போனாள். போகும்போது ஒரு வெள்ளை வேன் அவளை உரசுகிற மாதிரிக் கடந்து போனது. கீழே விழவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தபோது உதடு வெளுத்திருந்தது. அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, வெண்ணெய்க் கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துக் கொடுத்தேன். மதியம் வரை என் சட்டையை விடவில்லை.

அடுத்த வருடம் எர்வே. பேரனின் பிறந்தநாளுக்கு மேட்டுச் சாலை வழியாகப் போனார். அவருக்கும் வெள்ளை வேன்தான். பள்ளத்தில் இறங்கி முள்வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். "பிரேக்கே போடல குல்வென். என்னைப் பார்த்தான், பார்த்துட்டேதான் வந்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதன்பின் இன்னும் ஐந்து பேருக்கு நடந்தது. வேன் எங்கள் கூட்டத்தில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. கலெத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதைப்பற்றியே பேசுவார்கள். எங்கே பார்த்தேன், எப்போது பார்த்தேன், உள்ளே ஆள் இருந்ததா. மார்த் வீட்டு ஜன்னல்களில் சாலைப் பக்கம் இருந்ததை மட்டும் பலகை அடித்து மூடிக்கொண்டாள்.

நானும் பயந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. ஒரு நாள் ரொட்டிக் கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வேன் சத்தம். திரும்பாமலே தெரிந்துவிட்டது, அதுதான் என்று. ரொட்டியோடு பள்ளத்துக்குள் குதித்தேன். முகம் சேற்றில் கிடக்க, அது கடந்து போகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அஞ்சல் வண்டி. எழுந்து சட்டையைத் துடைத்துக்கொள்ளும்போதுதான் நினைவு வந்தது, வெள்ளை வேன் என் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது, சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது என்று.

ஆமாம். நீங்கள் ஆள் அனுப்பிக் கொட்டகையைத் திறந்து பார்க்கலாம். மறைக்க ஒன்றுமில்லை.

கடையை மூடிய ஒரு பூக்கடைக்காரரிடம் வாங்கியது. பஞ்சரான சைக்கிள்களை ஏற்றி வரலாம் என்றுதான் வாங்கினேன். கூட்டத்தில் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அதற்குள் உட்கார்ந்தால் எனக்கு முதுகு சுருங்குவதில்லை. முதலில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் இயல்புதான். சாலையில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டுமோ அதற்குள்ளேயே நான் உட்கார்ந்திருந்தேன்.

மார்த் விஷயத்தில் நான் ரொம்ப யோசித்தேன். சாலைக்குப் போனால் என்றைக்காவது ஒருநாள் எவனோ ஒருவன் அவளை அடிக்கத்தான் போகிறான். குடித்தவன், தூங்குகிறவன், போனைப் பார்க்கிறவன். அதற்கு முன்னால், என்ன செய்கிறோம் என்று தெரிந்த ஒருவன், அளவாக, காயம் படாமல், ஒரே ஒரு தடவை காட்டிவிட்டால் என்ன? தடுப்பூசி மாதிரி. கொஞ்சம் காய்ச்சல் வரும், அப்புறம் உயிருக்குப் பயமில்லை. எழுபது கிலோமீட்டர் வேகத்தில், நாற்பது சென்டிமீட்டர் இடைவெளியில், சைக்கிளைக் காற்று மட்டும் தள்ளும்படி கடந்து போக இந்த மாவட்டத்தில் என்னைத் தவிர யாராலும் முடியாது. ஏழு பேர், ஏழு தடவை. ஒரு கீறல் கிடையாது.

இனி அஸனோரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன ஜனவரியில் வந்தாள். நாற்பத்தொரு வயது. நாற்சந்தி ஒன்றில் கார் மோதி, இடுப்பில் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். முதல் மாதம் எல்லாரையும்விட அவளுக்குத்தான் அதிகம் நடுங்கியது. என் வலது சட்டைக் கை அவளுடையது, இடது மார்த்துடையது என்று எர்வே கிண்டல் பண்ணுவார். வேகமாகத் தேறினாள். கோடையில் எங்கள் எல்லாருக்கும் முன்னால் ஓட்டிக்கொண்டு போனாள். ஒருநாள் சாலை கடக்குமிடத்தில் நான் நடுவில் போய் நிற்பதற்குள், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவளே கடந்துவிட்டாள். அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வாங்க வாங்க, ஒரு ஈ காக்கா இல்ல" என்று கையசைத்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கியபடி நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பரில் மதகுக்காரர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

"எனக்கு வேலை கிடைச்சிருச்சு. கேர்வெலென் முதியோர் இல்லத்துல சமையல்."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் கேட்டேன், "எப்படிப் போகப் போற?"

"சைக்கிள்லதான். கால்வாயோரமா எட்டு கிலோமீட்டர், அப்புறம் மேட்டுச் சாலையில நாலு."

"அது பால் லாரி ஓடுற சாலை, அஸனோர்."

"ஓடட்டுமே. லாரிக்காரனுக்கும் வீடு வாசல் இருக்கும்ல? வேணும்னே வந்து என்னை இடிக்கப் போறானா என்ன?"

எர்வே தலையை ஆட்டினார். "நானும் அப்படித்தான் நெனச்சேன் தாயி. அந்த வெள்ளை வேன் வர்ற வரைக்கும்."

"அந்த வேனைப் பத்தி நானும் யோசிச்சுப் பாத்தேன்" என்றாள் அவள். "எங்க தெருவுல கேட்டேன், ரொட்டிக் கடையில கேட்டேன், அந்தப் பந்தயக்காரங்ககிட்டகூடக் கேட்டேன். ஒருத்தரும் பாத்ததில்லயாம். நம்ம நீர்க்கோழிங்களை மட்டும்தான் தேடிப் பிடிச்சு வருது. என்ன அதிசயம் பாருங்க!"

அவள் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சரி சரி, பேய்தான். அந்தக் காலத்துல இந்தக் கால்வாயை வெட்டிச் செத்தானுங்களே கைதிங்க, அவனுங்கள்ல ஒருத்தன் லைசென்ஸ் எடுத்துட்டான் போல."

எர்வேயும் சிரித்துவிட்டார். வெள்ளை வேன் என்ற பேச்சுக்கு அந்த மேஜையில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் முதல் வாரம் அவளுக்கும் செய்தேன். மேட்டுச் சாலை வளைவு தாண்டி, காலை எட்டேகாலுக்கு. எல்லாருக்கும் செய்த அதே அளவு. கண்ணாடியில் பார்த்தேன். சைக்கிள் ஆடியது, ஒரு காலை ஊன்றி நின்றாள். நான் வீட்டுக்குப் போய் வெண்ணெய்க் கேக் வாங்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. வந்தாள். நாள் முழுக்க அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. கேக்கைத் துண்டாகப் பிய்த்து அவள் தட்டில் வைத்தேன். கடைசியில் நானே கேட்டேன், சாலை எப்படி இருக்கிறது என்று.

"நல்லாத்தான் இருக்கு. புதன்கிழமை ஒரு வேன்காரன் ரொம்பக் கிட்ட வந்தான். வெள்ளை வேன்தான்." மார்த்தின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. அஸனோர் அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகல மார்த். பேய் இல்ல, ஆள்தான். தொப்பி போட்ட வயசான ஆள். கண்ணு சரியாத் தெரியலயோ என்னமோ, பாவம். அடுத்த தடவை வந்தா நிறுத்திப் பேசப் போறேன்."

"பேசுறதா?" என்றார் எர்வே.

"வேற என்ன பண்ண? காலம் பூரா ஒளிஞ்சுக்கிட்டே இருக்க முடியுமா?"

மார்த் கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், அவளிடம் கேட்டாள். "ஒருநாள் நானும் உன்கூட மேட்டுச் சாலைக்கு வரட்டுமா?"

அடுத்த செவ்வாய் ஆறு பேர்தான் வந்தார்கள். வெள்ளிக்கிழமை நான்கு. மற்றவர்கள் அஸனோரோடு மேட்டில் ஏறிப் பார்க்கப் போயிருந்தார்கள். திரும்பி வந்து கன்னம் சிவக்கச் சிவக்கக் கதை சொன்னார்கள். மேலிருந்து பார்த்தால் கால்வாய் ஒரு நூல் மாதிரித் தெரிகிறதாம். அன்றைக்குச் சாலை கடக்கும்போது யாருமே என் சட்டைக் கையைப் பிடிக்கவில்லை. மேடம், அத்தனை பேரையும் லாரிச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள் ஒருத்தி. ஒருவர் செத்தால் யார் பொறுப்பு? நான் எட்டு இரவு தூங்கவில்லை. கண்ணை மூடினால் மார்த் சாலையில் கிடப்பதுதான் தெரிந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை லேசான மூடுபனி, ஆனால் சாலை காய்ந்திருந்தது. வளைவு தாண்டியதும் அவளைப் பார்த்தேன். என் சத்தம் அவளுக்கும் கேட்டுவிட்டது. மற்ற எல்லாரும் எஞ்சின் சத்தம் கேட்டதும் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். நான் வைத்திருந்த கணக்கு முழுக்க அந்த ஒதுங்கலை நம்பித்தான். இவள் சைக்கிளை விட்டு இறங்கி, அதைப் புல்லில் படுக்கவைத்துவிட்டு, சாலைக்குள் இரண்டடி வந்து நின்றாள். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். கோபமான கை இல்லை. பஸ்ஸுக்குக் கை காட்டுவது மாதிரி.

எண்பது மீட்டர் இருக்கும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, காய்ந்த சாலையில், நாற்பது மீட்டருக்குள் நின்றுவிடும். இதை நான் இரண்டாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நாற்பது மீட்டர் வந்தபோது அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணாடிக்கு உள்ளே பார்த்தாள். வாய் அசைந்தது. "குல்வென்?" என்றாள் என்று நினைக்கிறேன். அந்த முகத்தில் பயம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசிவரை பார்த்தேன். வரவில்லை. ஆச்சரியம் இருந்தது. அப்புறம் எனக்காக வருத்தப்படுவது மாதிரி ஏதோ ஒன்று. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. பிரேக் நன்றாகத்தான் இருந்தது, நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். நான் அதன்மேல் காலை வைக்கவில்லை.

கொஞ்சம் பயந்திருந்தால், ஓரமாக நின்றிருப்பாள். உயிரோடு இருந்திருப்பாள். ஏழு பேரும் இருக்கிறார்களே.

அந்த வெள்ளிக்கிழமை பதினேழு பேர் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட வந்தார்கள். மதகுக்காரர் வீட்டுக்கு முன்னால் பூ வைத்தோம். நான் நாலு வார்த்தை பேசினேன். மார்த் என் இடது சட்டைக் கையைப் பிடித்தாள், எர்வே வலது பக்கம். பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆகவில்லை. அவர்களுக்குக் கரைப்பாதையிலும் பயம் பிடித்துக்கொண்டது. பின்னால் இலை சரசரத்தால் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பாசி அரிக்கிற படகின் மோட்டார் சத்தத்துக்கு எர்வே தண்ணீருக்குள் இறங்கிவிட்டார், இடுப்பளவு ஆழத்தில் நின்று அழுதார். "அது இங்கயும் வரும் குல்வென்" என்றாள் மார்த். "கம்பத்தைப் புடுங்கிப் போட்டுட்டு வரும். நம்ம பேரெல்லாம் அதுக்குத் தெரியும்." வராது, சத்தியமாக வராது என்று சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அடுத்த தடவை ஐந்து பேர். அதற்கடுத்து மார்த் மட்டும். போன செவ்வாய்க்கிழமை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை மதகுக்காரர் வீட்டு வாசலில் தனியாக நின்றேன். ஒருவரும் வரவில்லை. மார்த் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

அதனால்தான் வந்தேன், மேடம். நீங்கள் என்னைத் தேடிக்கொண்டிருக்கவில்லை, தேடியிருந்தாலும் சீக்கிரம் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். வேன் பிடிபட்டுவிட்டது, இனி வராது என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் நம்புவார்கள். அஸனோரைக் கொன்றது நான்தான். வேண்டுமென்றேதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சேதி தெரிந்ததும் நாளைக்குக் காலையில் எல்லாரும் கரைக்கு வந்துவிடுவார்கள். என் பெயரை மட்டும் இப்போதைக்குச் சொல்லாதீர்கள். ஒன்பது மணிக்கு ஒரு மணி நேரம், கூட ஒரு காவலரைப் போட்டாவது, என்னை அங்கே அனுப்பிவையுங்கள். சாலை கடக்க வேண்டியிருக்கிறது. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் பாவம், பயந்துவிடுவார்கள்.